இரண்டு விடியல் தூரம்

நெடுந்தூரம் போய்வந்தவர்களிடம் பயணத்தைப் பற்றிக் கேட்டால் கிலோமீட்டர் கணக்குச் சொல்பவர்கள் அரிது. "பதினேழு மணி நேரம் உட்கார்ந்தே வந்தோம்", "ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஏறினோம், விடியும்போது வேறு நாடு" என்றுதான் சொல்வார்கள். ஞாபகம் தூரத்தைப் பொழுதாக மாற்றித்தான் சேர்த்துவைக்கிறது. தமிழுக்கு இது புதிதல்ல. ஒரு நாழிகைக்குள் நடந்து கடக்கும் தொலைவை 'நாழிகை வழி' என்று நம் முன்னோர் அளந்தார்கள். குரல் கொடுத்தால் எட்டும் தொலைவு இன்றைக்கும் நமக்குக் 'கூப்பிடு தூரம்'தான். நிலத்தில் கோல் வைத்து அளந்த அளவுகள் ஒருபுறம் இருக்க, மனிதனின் காலும் குரலும் பொழுதும் அளந்த அளவுகள் இன்னொருபுறம் இருந்தன. விமானம் வந்த பிறகு இந்த இரண்டையும் ஒன்றென்று நினைக்கத் தொடங்கினோம். இரண்டு நகரங்களுக்கு இடையே உள்ள தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்துவிட்டால் பயண நேரம் கிடைத்துவிடும் என்று நம்புகிறோம். ஆனால் வகுத்து வரும் விடைக்கும் கடிகாரம் காட்டும் விடைக்கும் நடுவே எப்போதும் ஒரு மிச்சம் நிற்கிறது. அந்த மிச்சத்தைப் பிழை என்று ஒதுக்கக் கூடாது. இரண்டு ஊர்களுக்கு இடையே காற்றும் அரசியலும் மனித முயற்சியும் எழுதிவைத்த வரலாறு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. இதுவே நான் சொல்ல வருவது. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள பெர்த்தையும் லண்டனையும் இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். அந்த நெடுவழியின் பழைய நினைவுகளில் இலங்கையின் ஏரி ஒன்றுக்கும் இடமுண்டு.

வகுப்பறைச் சுவரில் தொங்கிய உலகப் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். தூரத்தைப் பற்றிய எங்கள் முதல் தவறான பாடமும் அந்தச் சுவரிலிருந்தே வந்தது. பெரும்பாலான சுவர்ப்படங்கள் 1569இல் வரைபட அறிஞர் மெர்கேட்டர் வகுத்த முறையையோ அதன் சாயலையோ கொண்டவை. கப்பலோட்டிக்கு அது வரப்பிரசாதம். படத்தில் இழுத்த நேர்கோட்டின் வழியே திசைகாட்டியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டு போகலாம். அந்த வசதிக்காக, துருவங்களை நோக்கிப் போகப்போக நிலங்களை இழுத்துப் பெரிதாக்க வேண்டியிருந்தது. ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய பதினான்கில் ஒரு பங்கே உள்ள கிரீன்லாந்து அதற்கு நிகராகத் தெரிவது இதனால்தான். லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகும் விமானம் கிரீன்லாந்துப் பனியின் மேல் ஏன் பறக்கிறது என்று அந்தப் படத்தைப் பார்த்தால் விளங்காது. தலைமையாசிரியர் அறையில் இருந்த உலக உருண்டையை எடுத்து, இரண்டு ஊர்களின் மேலும் நூலை இறுக்கிப் பிடித்தால் உடனே விளங்கிவிடும். நூல் தானாகவே வடக்கே ஏறிப்போகும். உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி, அதன் மையத்தின் ஊடாக வெட்டிய பெரிய வட்டத்தின் ஒரு துண்டு. பெருவட்டத் தூரம் என்பது இதைத்தான். தட்டையான தாளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சுற்றுவழியாகத் தோன்றும். உருண்டையைத் தொட்ட விரலுக்கு நேர்வழி எதுவென்று தெரியும்.

நூலைக் கணக்காக மாற்றுவது கடினமான வேலையல்ல. பெர்த் விமான நிலையம் தெற்கே ஏறக்குறைய 32 பாகை அட்சரேகையிலும் கிழக்கே 116 பாகை தீர்க்கரேகையிலும் இருக்கிறது. லண்டனின் ஹீத்ரோ வடக்கே 51.5 பாகையிலும் மேற்கே அரைப் பாகையிலும் இருக்கிறது. இரண்டு அட்சரேகைகளின் சைன்களைத் தம்மில் பெருக்க வேண்டும். பிறகு அவற்றின் கொசைன்களையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்கி முன்னதோடு கூட்ட வேண்டும். வரும் எண் எந்தக் கோணத்தின் கொசைன் என்று பார்த்தால், பூமியின் மையத்தில் அந்த இரண்டு ஊர்களும் விரிக்கும் கோணம் கிடைக்கும். பதினோராம் வகுப்பு முக்கோணவியல் தெரிந்தவர் ஒரு தாளில் முடித்துவிடலாம். தெற்கே உள்ள ஊருக்கு எதிர்க்குறி போட மறந்தால் மட்டும் விடை தலைகீழாகிவிடும். பெர்த்துக்கும் லண்டனுக்கும் இந்தக் கோணம் சுமார் 130.5 பாகை. பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர் என்பதால் ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் வருகிறது. பெருக்கினால் சுமார் 14,500 கிலோமீட்டர். கடலோடிகளின் கணக்கு இதைவிட எளிது. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கடல் மைல் என்று அவர்கள் வைத்துக்கொண்டதால், கோணத்தை அறுபதால் பெருக்கினாலே போதும்.

பூமி சரியான உருண்டை இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. அந்தச் சப்பையையும் கணக்கில் சேர்த்தால் பெர்த்–லண்டன் தூரம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மாறும். 14,500இல் அது ஓர் ஊரின் அகலம்கூட இல்லை. ஆகவே தூரம் என்ற முதல் எண்ணைப் பொறுத்தவரை மனிதனின் கணக்கு ஏறக்குறைய முழுமை பெற்றுவிட்டது. இனி இரண்டாவது எண். நவீன ஜெட் விமானம் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கில் பறக்கிறது. உயரத்தின் கடுங்குளிரில் அது மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர். 14,500ஐ 900ஆல் வகுத்தால் 16 மணி 6 நிமிடம் வருகிறது. அட்டவணை சொல்வது வேறு. பெர்த்திலிருந்து லண்டனுக்கு 17 மணி 20 நிமிட அளவு, லண்டனிலிருந்து பெர்த்துக்கு 16 மணி 45 நிமிட அளவு. போகும் வழியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம், வரும் வழியில் அரை மணிக்கு மேல் மிச்சம். அதே இரண்டு ஊர், அதே தூரம், அதே விமானம். ஆனால் போக ஒரு நேரம், வர ஒரு நேரம். மிச்சத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு இந்த ஏற்றத்தாழ்வே முதல் வாசல்.

ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குமுன் வரிசையில் காத்திருப்பது ஆகியவை இருபுறமும் பொதுவானவை. அட்டவணை நேரம் என்பதே நிறுத்துமிடத்தை விட்டு அசைவதிலிருந்து மறு நிறுத்துமிடத்தில் நிற்பது வரை உள்ள நேரம்தான். திசைக்குத் திசை வேறுபடுவதற்குக் காரணம் காற்று. நடு அட்சரேகைகளில், விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்றோட்டங்கள் வானத்து ஆறுகள். 1920களில் ஜப்பானிய வானிலை அறிஞர் வசாபுரோ ஓயிஷி பலூன்களை விட்டு அவற்றை அளந்தார். விமானம் பறப்பது காற்றுக்குள். காற்றே நகர்ந்துகொண்டிருந்தால் விமானம் ஆற்றுத் தோணி ஆகிவிடுகிறது. 2020 பிப்ரவரியில் சியாரா புயல் வீசியபோது நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு வந்த போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் தரையிறங்கியது. தரையை வைத்து அளந்தால் ஒரு கட்டத்தில் அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஆனாலும் அது ஒலியின் வேகத்தைக் கடக்கவில்லை. காற்றை வைத்துப் பார்த்தால் அது வழக்கமாகத்தான் பறந்தது, சுமந்து வந்தது ஆறு. அந்த இரவில் தூரத்தை வேகத்தால் வகுத்து வைத்திருந்தவர்களின் எல்லாக் கணக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தவறியது. தூரம் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை.

போகும்போது எதிர்த்த காற்று வரும்போது உதவுமே, இரண்டும் சரிக்குச் சரியாகிவிடாதா என்பது நியாயமான கேள்வி. ஆகாது என்பதைக் கணக்கே சொல்லும். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று போகும்போது எதிரே வீசினால் 14,500 கிலோமீட்டரை 800 வேகத்தில் கடக்க 18 மணி 8 நிமிடம் ஆகும். வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 1,000 வேகத்தில் 14 மணி 30 நிமிடம். கூட்டினால் 32 மணி 38 நிமிடம் வருகிறது. காற்றே இல்லாத வானத்தில் போய்வர 32 மணி 13 நிமிடம் போதும். எதிர்க்காற்றில் நாம் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம். துன்பம் நீண்டும் துணை குறுகியும் போவதால் கணக்கு நேராவதில்லை. நொடிகளையும் விடாமல் கணக்கிட்டால் அந்த வித்தியாசம் ஏறக்குறைய 24 நிமிடம், அதாவது ஒரு நாழிகை. நம் முன்னோரின் நாழிகை வழி என்ற சொல் இங்கே இன்னும் ஆழமாகிறது. வழிக்கென்று ஒரு பொழுது உண்டு, அந்தப் பொழுது திசையைப் பொறுத்தது என்பதை மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தவர்கள் அறிந்துதான் இருந்தார்கள்.

காற்று இவ்வளவு செய்யுமென்றால் மெதுவான விமானங்களின் காலத்தில் என்ன செய்திருக்கும்? அதற்குச் சான்றாக இந்தியப் பெருங்கடலின் நடுவே ஒரு வழி நினைவில் நிற்கிறது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அதோடு ஆஸ்திரேலியாவையும் பிரிட்டனையும் இணைத்த வான்வழி அறுந்தது. அதை மீண்டும் கட்ட 1943இல் ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸ் ஐந்து கட்டலினா மிதவை விமானங்களை இறக்கியது. பெர்த்தின் ஸ்வான் நதியிலிருந்து எழும்பி, இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கல ஏரியில் இறங்க வேண்டும். நடுவில் கால் ஊன்ற நிலமில்லை. பெருவட்டக் கணக்கில் இந்தத் தூரம் சுமார் 5,650 கிலோமீட்டர். எரிபொருளைச் சுமந்த பிறகு மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும் மட்டுமே இடம் மிஞ்சியது. எதிரிக்குக் காட்டிக்கொடுக்கும் என்பதால் வானொலியைத் தொடவில்லை. விண்மீன்களை அளந்தே வழி கண்டார்கள். அந்த ஐந்து விமானங்களுக்கும் அல்டேர், ரைஜெல், அன்டாரெஸ், ஸ்பைக்கா, வேகா என்று வழிகாட்டும் விண்மீன்களின் பெயர்களையே வைத்தார்கள். பயணம் 27 மணியிலிருந்து 33 மணி வரை நீளும். ஆறு மணி நேர ஊசலாட்டத்துக்குக் காரணத்தைக் கணக்கிலேயே பார்க்கலாம். மணிக்கு 200 கிலோமீட்டரில் போகும் விமானத்துக்கு 20 கிலோமீட்டர் எதிர்க்காற்று இந்த வழியில் மூன்று மணி நேரத்தைத் தின்றுவிடும். இன்றைய ஜெட்டுக்கு அதே காற்று அதே வழியில் ஒன்பது நிமிடம்தான். அந்தப் பயணிகளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். எத்தனை மைல் கடந்தார்கள் என்பதை வைத்து அதற்குப் பெயரிடவில்லை. ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்த்தவர்கள் என்பதால் 'இரட்டை விடியலின் இரகசிய அணி' என்று அவர்களை அழைத்தது. 1945 வரை 271 முறை கடந்த அந்த வழி மக்கள் மனத்தில் இன்றும் இரட்டை விடியல் வழிதான். கொக்கல ஏரிக்கும் ஸ்வான் நதிக்கும் நடுவே உள்ள கிலோமீட்டர் அன்றும் இன்றும் ஒன்றே. அந்தத் தூரம் இரண்டு விடியலாக இருந்த காலம் அந்த இரண்டு ஆண்டுகள்தான்.

ஆஸ்திரேலியா–லண்டன் பெருவழியின் மற்றக் கட்டங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மிச்சத்தின் இன்னொரு முகம் தெரிகிறது. 1935இல் பிரிஸ்பேனிலிருந்து லண்டன் போக பன்னிரண்டரை நாள் ஆனது. 1947 டிசம்பரில் கான்ஸ்டலேஷன் விமானம் சிட்னியிலிருந்து டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி என்று தங்கித் தங்கி நான்கு நாளில் லண்டன் சேர்ந்தது. அந்த நான்கு நாளில் ஆகாயத்தில் இருந்தது சுமார் 55 மணி நேரம். மீதி எல்லாம் எரிபொருளுக்கும் உறக்கத்துக்கும் உணவுக்கும் போனது. 1989 ஆகஸ்டில் 747 ஒன்று லண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் நில்லாமல் 20 மணி 9 நிமிடத்தில் பறந்தது. கட்டணம் கொடுத்த பயணி ஒருவரும் அதில் இல்லை. அடர்த்தி கூடிய எரிபொருளை ஊற்றி, ஓடுபாதை வரை அதை இழுத்துக்கொண்டுபோய் விட்டார்கள். பயணிகளோடு ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டனுக்கு நில்லாமல் போகும் வழி திறந்தது 2018 மார்ச் 24 அன்று, பெர்த்திலிருந்து. இந்த வரிசையில் நேரம் சுருங்கியதற்கு வேகம் ஒரு காரணம்தான். பெரிய காரணம் நிறுத்தங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. பழைய பயணியின் நினைவில் கல்கத்தாவும் கராச்சியும் கெய்ரோவும் இடம்பிடித்திருக்கும். இன்றைய பயணிக்கு அவை திரையில் நகரும் பெயர்கள். தூரத்தை வகுக்கும் கணக்கில் இந்த ஊர்கள் ஒருபோதும் வருவதில்லை. அன்றைய பயணத்தின் கணிசமான பொழுது கழிந்ததோ அங்கேதான்.

வழி திறப்பது போலவே மூடுவதும் உண்டு. 2024 ஏப்ரலில் மேற்காசியாவில் பதற்றம் மூண்டபோது ஈரான் வான்வெளியைத் தவிர்க்க வேண்டி, பெர்த்திலிருந்து லண்டன் போகும் விமானம் எரிபொருளுக்காகச் சிங்கப்பூரில் இறங்கிப் போனது. லண்டனிலிருந்து பெர்த் வரும் விமானம் மட்டும் காற்றின் துணையால் மாற்றுவழியிலும் நில்லாமலே வந்தது. இரண்டு ஊர்களுக்கு இடையே ஒருபுறம் நேர்வழியும் மறுபுறம் நிறுத்தமும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தூரத்தை மட்டும் பார்த்தால் பெர்த்–சிங்கப்பூர் 3,900 கிலோமீட்டர், சிங்கப்பூர்–லண்டன் 10,900 கிலோமீட்டர். கூட்டினால் 14,800. நேர்வழியைவிட 300 கிலோமீட்டர் அதிகம், நூற்றுக்கு இரண்டு பங்கு. வகுத்துப் பார்த்தால் இருபது நிமிடம் கூட வேண்டும். இறங்கி, எரிபொருள் ஏற்றி, மறுபடி எழும்புவதற்கு ஆகும் நேரமோ இருபது நிமிடத்தோடு முடிவதில்லை. ஹெல்சிங்கியும் தோக்கியோவும் இதைவிடப் பெரிய பாடம் சொல்கின்றன. அவற்றுக்கு இடையே 7,800 கிலோமீட்டர்தான். 1983இல் பின்லாந்தின் ஃபின்ஏர், சோவியத் வான்வெளிக்குள் நுழைய முடியாமல் வடதுருவத்தைச் சுற்றித் தோக்கியோவுக்கு நில்லாமல் பறந்தபோது 13 மணி நேரம் ஆனது. பிறகு சைபீரிய வழி திறந்தது, நேரம் சுமார் ஒன்பதரை மணியாகக் குறைந்தது. 2022இல் உக்ரைன் போருக்குப் பின் ரஷ்ய வான்வெளி மூடியது, மறுபடியும் 13 மணி. விமானம் புதிது, எஞ்சின் புதிது, தூரம் மட்டும் பழையது. நேரமோ நாற்பது ஆண்டு பின்னே போய்விட்டது. அந்த மூன்றரை மணி நேர மிச்சத்தை ஒரு போரின் நீளம் என்று சொன்னால் மிகையாகாது.

இன்னொரு மிச்சம் கடிகாரத்திலேயே இருக்கிறது. பயணச்சீட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் மணியில் அச்சாகின்றன. பெர்த்தில் மாலை ஏழு மணியளவில் ஏறி மறுநாள் விடியற்காலை ஐந்து மணியளவில் லண்டனில் இறங்குவதாகப் படிப்பவருக்குப் பத்து மணி நேரப் பயணம் போலத் தெரியும். இரண்டு ஊர்களின் நேர வித்தியாசத்தைச் சேர்த்தால்தான் உண்மை வெளிவரும். அந்த வித்தியாசமும் நிலையானதல்ல. பெர்த் ஆண்டு முழுவதும் ஒரே மணியில் இருக்க, லண்டன் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகிறது. முதல் நேர்விமானம் புறப்பட்ட 2018 மார்ச் 24 அன்று இரண்டு ஊர்களுக்கும் வித்தியாசம் எட்டு மணி. அது தரையிறங்கிய மார்ச் 25 ஞாயிறு அதிகாலையில் பிரிட்டன் கோடை மணிக்கு மாறியது. விமானம் ஆகாயத்தில் இருக்கும்போதே வித்தியாசம் ஏழு மணியாகிவிட்டது. எட்டு என்று கூட்டியவருக்குப் பதினெட்டு மணி நேரப் பயணம், ஏழு என்று கூட்டியவருக்குப் பதினேழு. உடல் உட்கார்ந்திருந்தது பதினேழுதான். தூரத்தைத் தசமப் புள்ளி வரை அறிந்தவரும் இந்த ஓர் எண்ணில் ஒரு மணி நேரம் தவறலாம்.

இத்தனையும் கேட்ட பிறகு, சாதாரணத் தேவைக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒருவர் கேட்கக்கூடும். தூரத்தை 850ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டினால் போதாதா? பெரும்பாலும் போதும், அதை மனமுவந்து ஒப்புக்கொள்கிறேன். சென்னையிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 650 கிலோமீட்டர். இந்த வாய்பாடு ஒன்றேகால் மணி நேரம் என்கிறது, நடப்பதும் அதை ஒட்டியே இருக்கிறது. பெர்த்திலிருந்து லண்டனுக்கு 17 மணி 34 நிமிடம் என்கிறது, அட்டவணையோடு கால் மணி நேரமே வேறுபடுகிறது. ஆனால் 850 என்ற எண்ணும் அரை மணியும் எங்கிருந்து வந்தன? எந்த விமானமும் வேகத்தை 850இல் கட்டிவைத்துப் பறப்பதில்லை. முன்னே நடந்த ஆயிரமாயிரம் பயணங்களின் காற்றையும் காத்திருப்பையும் சுற்றுவழியையும் சராசரியாக்கி அந்த எண்ணுக்குள் கரைத்திருக்கிறோம். வாய்பாடு என்பது பழைய மிச்சங்களின் கூட்டு நினைவு. உலகம் பழையபடி இருக்கும்வரை அது பொய்க்காது. ஹெல்சிங்கி–தோக்கியோவுக்கு அது 9 மணி 41 நிமிடம் என்று சொல்லும். 2019இல் அது அழகான விடை, 2022இல் அதுவே மூன்று மணி நேரத்துக்கு மேல் தவறிய விடை. மறுவிமானத்தைப் பிடிக்க இரண்டு மணி இடைவெளி வைத்துக்கொண்ட ஒருவருக்கு அந்தத் தவறு சிறிய விஷயமல்ல. வாய்பாட்டை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது எந்த உலகத்தை நினைவில் வைத்துச் செய்தது என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொரு மறுப்பு இன்னும் வலுவானது. இந்தத் தடைகள் தற்காலிகம், தொழில்நுட்பம் மிச்சத்தை ஒருநாள் துடைத்துவிடும் என்பது அது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1958இல் போயிங் 707 அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியபோது இருந்த வேகத்துக்கும் இன்றைய வேகத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஒலியை மிஞ்சிய கான்கார்டு 1976இல் பயணிகளை ஏற்றத் தொடங்கி 2003இல் ஓய்ந்தது. 1989இல் 20 மணி 9 நிமிடத்தில் முடிந்த லண்டன்–சிட்னி நேர்ப்பயணத்தை 2019 நவம்பரில் 787 ஒன்று சோதனையாக மறுபடி செய்தபோது 19 மணி 19 நிமிடம் ஆனது. முப்பது ஆண்டுகளில் குறைந்தது 50 நிமிடம். தொழில்நுட்பம் செய்த உதவி வேறு. அதே நேரத்தில் குறைந்த எரிபொருளோடு, பாதுகாப்போடு, பயணிகளையும் ஏற்றிக்கொண்டு போகும் வல்லமையை அது தந்தது. நெடும்பயணத்துக்கு எரிபொருள் சுமப்பதற்கே எரிபொருள் வேண்டும். வேகத்தைச் சற்றுக் கூட்டினாலும் அந்தச் சுமை ஏறிவிடும். ஆகவே காற்றை எதிர்த்து மோதுவதைவிடக் காற்றைப் படித்து வழியை வளைப்பதே இன்றைய விமானியின் திறமை. சில நூறு கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்து அரை மணி முன்னதாகச் சேரும் நாட்கள் உண்டு. குறுகிய வழி எப்போதும் விரைந்த வழியல்ல என்பதைத் தினமும் செயலில் காட்டுவது அந்த வளைவுதான். சிட்னியையும் லண்டனையும் நேரே இணைக்கும் முயற்சிக்கு குவாண்டாஸ் வைத்த பெயர் 'விடியல் திட்டம்'. கொக்கல ஏரியில் இறங்கியவர்களின் நினைவாக வைத்த பெயர் அது. மிகப் புதிய விமானத்துக்கும் பெயர் தேடப் போனபோது அவர்கள் பொழுதிடம்தான் போனார்கள்.

அப்படியானால் தூரம் வெறும் எண்தானா, நேரம் மட்டுமே உண்மையா? அந்த முடிவுக்கும் நான் வரமாட்டேன். 14,500 என்ற எண் கையில் இல்லாவிட்டால் 17 மணி 20 நிமிடம் அதிகமா குறைவா என்றே தெரியாது. 7,800 என்ற எண் தெரிந்ததால்தான் 13 மணி நேரத்துக்குள் ஒரு போர் ஒளிந்திருப்பதைக் கண்டுகொள்கிறோம். கட்டலினா ஓட்டியவர்களுக்கு 5,650 என்ற எண்ணே உயிர்நாடி. அதை வைத்துத்தான் எவ்வளவு எரிபொருள், எத்தனை பயணிகள் என்று தீர்மானித்தார்கள். அதில் தவறியிருந்தால் கடலுக்கு நடுவே இறங்க வேண்டியதுதான். தூரம் பூமி நமக்குச் சொல்லும் வாக்கு. நேரம் அந்த வாக்கை உலகம் எவ்வளவு காப்பாற்றியது என்பதன் பதிவு. இரண்டையும் அருகருகே வைத்துக் கழித்துப் பார்ப்பவருக்குத்தான் அந்த வழியின் கதை கிடைக்கும். பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கும்போது விடையோடு நிறுத்திவிடக் கூடாது என்று நான் விரும்புவது இதனால்தான். கோணத்தைக் கண்டுபிடித்து, கிலோமீட்டராக்கி, வேகத்தால் வகுத்த பிறகு, அட்டவணையைத் திறந்து உண்மை நேரத்தோடு ஒப்பிடச் சொல்ல வேண்டும். மிச்சம் ஏன் வந்தது என்று கேட்க வேண்டும். புவியியலும் வானிலையும் வரலாறும் அரசியலும் அந்த ஒரே கேள்விக்குள் வந்து கூடும்.

கடல் கடந்து பிள்ளைகளை அனுப்பிய வீடுகளில் இந்தக் கணக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே நடக்கிறது. அங்கே எந்தத் தாயும் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதில்லை. எப்போது ஏறினான், அங்கே இப்போது மணி என்ன, எப்போது இறங்குவான் என்பதே கேள்வி. சொன்ன நேரத்துக்கும் இறங்கிவிட்டதாகச் செய்தி வரும் நேரத்துக்கும் நடுவே உள்ள மிச்சத்தை அவள் சமையலறையில் நின்றபடி, கடிகாரத்தைப் பார்த்தபடி கடக்கிறாள். பெருவட்டமும் கொசைனும் அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். வழிக்கென்று ஒரு பொழுது உண்டென்பது தெரியும். நாழிகை வழி என்ற சொல்லைச் செய்தவர்களின் அறிவு அதுதான். அதன் பக்கத்திலேயே நம் காலம் கண்டுபிடித்த துல்லியமான கிலோமீட்டரையும் வைத்துக்கொண்டால், ஏரியிலிருந்து நதிக்கு இரண்டு விடியல் தூரம் என்று சொன்னவர்கள் எதைச் சொன்னார்கள் என்பது நமக்குப் புரியும்.